பிரித்து மாட்டும் தெளிப்பு வண்டி

அத்தியாயம் 7

காரைக்கால் கோவில்பத்துக்குப் பழைய பெயர் திருத்தெளிச்சேரி. இங்குள்ள பார்வதீசுவரர் கோயில் சம்பந்தர் பாடிய தலம். பஞ்சத்தில் காய்ந்து கிடந்த ஊருக்குச் சிவபெருமான் உழவராக வந்து விதை தெளித்தார், அதனால் தெளிச்சேரி என்று தலபுராணம் சொல்கிறது. விதை தெளிப்பதைப் பற்றி டெல்டாக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். உழவு ஆனதா, பரம்படித்தாயிற்றா, நின்ற தண்ணீர் வடிந்ததா என்று பார்த்த பிறகுதான் விதைக்கூடை இடுப்புக்கு ஏறும். கை வீசுவது கடைசி வேலை, அதிலும் சின்ன வேலை.

கிருமியையும் நச்சையும் நீக்கும் வண்டிக்கும் இதே கதைதான். பட்டறைக்கு வந்து, “ஒரு ஸ்பிரேயர் வண்டி செய்து கொடுங்க” என்று கேட்கிறவர்கள் நாசிலைப் பற்றிப் பேசுவார்கள், எத்தனை கிலோ பிரஷர் என்று கேட்பார்கள். தெளிப்பதற்கு முன் எதைக் கொண்டு கழுவுவது, கழுவிய தண்ணீர் எங்கே போகும், தெளித்த ஆளை யார் கழுவிவிடுவது என்று கேட்டவர் எனக்குத் தெரிந்து மிகச் சிலர். வண்டியின் வடிவம் இந்த மூன்று கேள்விகளிலிருந்துதான் வர வேண்டும்.

எதற்கு இந்த வண்டி, எதற்கு வேண்டாம்

2022 ஜூலை தொடக்கத்தில் காரைக்காலில் வாந்தி பேதி பரவியது. சிலருக்குக் காலரா என்று உறுதியானதும் புதுச்சேரி அரசு பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவித்தது. பள்ளி, கல்லூரிகளை மூன்று நாள் மூடினார்கள். குடிநீரில் கழிவுநீர் கலந்ததுதான் காரணம் என்று பழைய குழாய்களை நோக்கி எல்லா விரல்களும் நீண்டன. அந்த நேரத்தில் ஊருக்கு வேண்டியது என்ன? குழாயைச் சரிசெய்வது, தொட்டியைக் கழுவிக் குளோரின் போடுவது, தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பது, உப்புச் சர்க்கரைக் கரைசல். தெளிப்பு வண்டி இந்த வரிசையில் எங்கோ பின்னால் நிற்கிறது. காலரா வந்த வீடு வீடாகப் போய் மருந்து அடிப்பதைச் சர்வதேச வழிகாட்டுதல்களே இப்போது பரிந்துரைப்பதில்லை. அந்த வீட்டாருக்கு ஒரு வாளி, பிளீச்சிங் பவுடர், கையுறை கொடுத்து எப்படித் துடைப்பது என்று காட்டிவிட்டு வருவதே மேல். வாசலில் வண்டியை நிறுத்தி மருந்து அடித்தால் தெரு முழுக்க அந்த வீட்டைத்தான் பார்க்கும். நோயாளியை ஒளித்து வைக்கத் தொடங்கிவிடுவார்கள்.

அப்படியானால் வண்டி எங்கே வேலை செய்யும்? பேதி நோயாளிகளைப் படுக்க வைத்த தற்காலிக வார்டு. சாக்கடை புகுந்து வடிந்த பள்ளிக்கூடமும் நியாயவிலைக் கடையும். வெள்ளத்துக்குப் பிறகான மீன் அங்காடி. நோயாளியை ஏற்றி வந்த ஆம்புலன்ஸ். சாலையில் கவிழ்ந்த ரசாயன லாரி.

இன்னொரு வகையும் உண்டு. காரைக்கால் எல்லையைத் தாண்டினால் வரும் நாகூர் பட்டினச்சேரிக் கடற்கரையில் 2023 மார்ச் தொடக்கத்தில் குழாய் கசிந்து கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. எண்ணெய்க்குக் குளோரின் ஒன்றும் செய்யாது. அங்கே வேண்டியது கழுவும் தண்ணீரும், அதைவிட முக்கியமாக, கழுவியதை வாரி எடுக்கும் வசதியும். 2017 ஜனவரி 28-ஆம் தேதி எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோது கரையில் திரண்ட எண்ணெய்க் கூழை வாளியால் அள்ளியதை நாடே பார்த்தது.

ஆக, ஒரு நாள் குளோரின், மறுநாள் வெறும் தண்ணீரும் உறிஞ்சு குழாயும், இன்னொரு நாள் ஆட்களைக் குளிப்பாட்டும் ஷவர். மூன்றுக்கும் மூன்று வண்டி வாங்க எந்த நகராட்சிக்கும் வசதி இருக்காது. கழற்றி மாட்டும் பாகங்களாகச் செய்யச் சொல்வது இதற்காகத்தான்.

திருப்பூர் சுரங்கம்

ஒரு பழைய தவற்றைச் சொல்லிவிட்டு மேலே போகலாம். கொரோனா ஊரடங்கின்போது, 2020 ஏப்ரல் 1 அன்று திருப்பூர் தென்னம்பாளையம் சந்தையில் கிருமிநாசினிச் சுரங்கம் ஒன்றைத் திறந்தார்கள். உள்ளே நடந்து போனால் மேலிருந்து மருந்துச் சாரல் விழும். படம் நாடெங்கும் சுற்றியது. ஊருக்கு ஊர் அதைப்போலவே கட்டினார்கள். அதே வாரத்தில்தான் உத்தரப் பிரதேசத்தின் பரேலியில் ஊர் திரும்பிய தொழிலாளர்களைத் தரையில் உட்கார வைத்து அவர்கள் மேல் குளோரின் கரைசலை அடித்த கொடுமையும் நடந்தது. ஏப்ரல் 18-ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம், மனிதர்கள் மேல் கிருமிநாசினி தெளிக்கக் கூடாது, அது கண்ணுக்கும் தோலுக்கும் நுரையீரலுக்கும் கேடு என்று அறிவித்தது. மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் தெருக்களில் அடிப்பதும் வீண் என்றது. அழுக்கும் மண்ணும் குளோரினைத் தின்றுவிடுகின்றன. மிச்சமிருப்பதும் தேவையான நேரம் ஈரமாக நிற்பதில்லை.

உங்கள் வண்டியில் ஆள்மேல் மருந்து அடிக்கிற பாகம் எதையும் வைக்காதீர்கள். வாங்குகிறவர் எவ்வளவு வற்புறுத்தினாலும் வைக்காதீர்கள். ரசாயனம் பட்ட ஆளுக்கு வேண்டியது வெறும் தண்ணீர், குறைந்த அழுத்தத்தில், நிறைய. அந்த ஷவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் கணக்கு

ஒரு வகுப்பறையை எடுத்துக்கொள்ளுங்கள். 8 மீட்டருக்கு 6 மீட்டர். தரை 48 சதுர மீட்டர். சுவரில் ஒன்றரை மீட்டர் உயரம் வரை சாக்கடைத் தண்ணீர் ஏறிய கறை. சுற்றளவு 28 மீட்டர், ஆக 42 சதுர மீட்டர். மொத்தம் 90. நம் ஊர்ச் சூட்டில் மேற்பரப்பு பத்து நிமிடமாவது ஈரமாக நிற்க வேண்டுமானால் சதுர மீட்டருக்கு 100 மில்லியாவது விழ வேண்டும் என்பது நான் வைத்துக்கொள்ளும் கணக்கு. 90 சதுர மீட்டருக்கு 9 லிட்டர். ஒரு குடம்கூட இல்லை!

இப்போது அதே அறையைக் கழுவுவதைப் பாருங்கள். களிமண் சேறு. மண்வெட்டியால் வழித்த பிறகும் தரையை மட்டும் கழுவச் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் பிடிக்கும். 240 லிட்டர். மருந்துக்கு 9, தண்ணீருக்கு 240. இந்தக் கணக்கைப் போடாமல் வண்டி கட்டுகிறவர்கள் ஆயிரம் லிட்டர் மருந்துத் தொட்டியை ஏற்றிவிட்டுக் கழுவத் தண்ணீர் இல்லாமல் நிற்பார்கள். பிறகு சேற்றின் மேலேயே மருந்தை அடிப்பார்கள். சேறு குளோரினைக் குடித்துவிட்டுச் சேறாகவே இருக்கும்.

ஆகவே மருந்துக்கு 100 லிட்டர் போதும். வெறும் தண்ணீருக்கு 500 லிட்டர் ஏற்றுங்கள், இடையில் நிரப்பவும் வழி வையுங்கள். தீயணைப்புத் துறையின் குழாய் இணைப்பு நாடு முழுக்க 63 மில்லிமீட்டர். உங்கள் தொட்டியின் வாயில் அதற்கு ஒரு மாற்று இணைப்பைப் பொருத்திவிட்டால், தீயணைப்பு வண்டி வந்து சில நிமிடங்களில் நிரப்பிவிட்டுப் போகும். சில நூறு ரூபாய்ச் சமாசாரம், பலர் மறந்துவிடுகிறார்கள்.

500 லிட்டர் என்றால் 500 கிலோ. குட்டி யானை என்று நாம் கூப்பிடும் டாடா ஏஸ் தாங்கும் பாரம் முக்கால் டன் அளவுதான். தண்ணீர், மருந்து, பம்பு, இரண்டு ஆள் என்றால் கணக்கு முடிந்துவிட்டது. தொட்டியை அச்சுக்கு மேலே வையுங்கள். பாதி நிறைந்த தொட்டி திருப்பத்தில் வண்டியைக் கவிழ்க்கும். உள்ளே தடுப்புப் பலகை இல்லாத சின்டெக்ஸ் தொட்டி ஒன்றுக்குப் பதிலாக 250 லிட்டரில் இரண்டு வைத்து, ஒன்றைக் காலி செய்த பிறகே அடுத்ததைத் திறங்கள்.

சந்துக்குள் போகும் பாகங்கள்

வண்டி தெருமுனையோடு நின்றுவிடும். அதற்கப்பால் கைதான். எங்கள் பட்டறையில் செய்த முதல் வண்டியில் எல்லாவற்றையும் ஒரே சட்டத்தில் பற்றவைத்திருந்தோம். பார்க்க அம்சமாக இருந்தது. ஒத்திகைக்கு வந்த துப்புரவுப் பணியாளர் அக்கா ஒருவர் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஏன் தம்பி, இதத் தூக்கிட்டு மாடி ஏறச் சொல்றீங்களா?” என்று கேட்டார். மறுநாள் சட்டத்தை அறுத்தோம்.

அன்று முதல் எங்கள் விதி இது: எந்தப் பாகமும் காலியாக இருக்கும்போது இரண்டு பேர் தூக்க 40 கிலோவைத் தாண்டக் கூடாது. ஒருவர் தூக்குவதானால் 20. நான்கு பக்கமும் கைப்பிடி, கையுறை போட்ட விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு. அகலம் இரண்டடிக்கு மேல் போகக் கூடாது. பழைய வீட்டு நிலைப்படி அதற்கு மேல் விடாது.

இன்ஜின் பாகம் தனி. விவசாயிகளிடம் இருக்கும் எச்.டி.பி. விசைத்தெளிப்பானையே இதற்கு எடுத்துக்கொள்ளலாம்; மேற்கே திருநள்ளாறு போனாலும் தெற்கே நாகூர் போனாலும் அதைப் பழுது பார்க்கத் தெரிந்த மெக்கானிக் கிடைப்பார். இது வெறும் தண்ணீருக்கு மட்டும். பெட்ரோல் இன்ஜினை அறைக்குள் கொண்டு போகாதீர்கள். புகை ஆளைக் கொல்லும். இன்ஜின் தெருவில், குழாய்ச் சுருள் 50 மீட்டர் உள்ளே.

மருந்துப் பாகம் இன்னொரு பெட்டி: 100 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் அல்லது 50 லிட்டரில் இரண்டு, 12 வோல்ட் டயாபிரம் பம்பு, தனி பேட்டரி. இவ்வகை பம்பு 5 ஆம்பியர் இழுக்கும் என்று வைத்தால் நான்கு மணி நேரத்துக்கு 20 ஆம்பியர்-மணி. அதற்கு இரட்டிப்பாக 40 போடுங்கள். இந்தப் பெட்டியைப் பெட்ரோல் பெட்டியோடு ஒட்டி வைக்கவே கூடாது. பிளீச்சிங் பவுடரும் எண்ணெயும் பெட்ரோலும் கலந்தால் தானாகத் தீப்பிடிக்கலாம். ஒன்று வண்டியின் முன்புறம், மற்றது பின்புறம்.

இணைப்புகளில் ஒரு சூட்சுமம் உண்டு. எல்லாப் பாகமும் எல்லாவற்றோடும் சேர வேண்டும் என்று நினைக்கத் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். தண்ணீர்க் குழாய்கள் எல்லாம் ஒரே அளவு கேம்லாக் (நெம்பை மடக்கிப் பூட்டும் இணைப்பு), நீல நிறம். மருந்துக் குழாய்கள் வேறு அளவு, மஞ்சள். உறிஞ்சிய கழிவுக் குழாய் மூன்றாவது அளவு, கறுப்பு. அவசரத்தில், கண்ணாடியில் ஆவி படிந்த நேரத்தில், மஞ்சளைக் கறுப்போடு மாட்டப் பார்த்தாலும் மாட்டாது.

குளோரின் தின்னாத பொருள்

பணம் இங்கேதான் போகிறது, வண்டி கெடுவதும் இங்கேதான். சற்று நின்று சொல்கிறேன்.

எங்கள் முதல் வண்டியில் பித்தளை கன், எஸ்.எஸ். 304 சட்டம், அலுமினியப் பிடி. பித்தளை ஒரு வாரத்தில் பச்சை பூத்தது. அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. எவர்சில்வர் என்று நம்பிப் போட்ட 304-இல் ஊசி குத்தியதுபோல் குழிகள். கடற்கரை உப்புக்காற்று ஏற்கெனவே பாதி வேலையை முடித்திருக்கும். மீதியைக் குளோரின் செய்யும். கால்வனைஸ் பூச்சும் நிற்காது.

நிற்பவை இவை: தொட்டிக்கும் குழாய்க்கும் எச்.டி.பி.இ., பி.வி.சி., பாலிபுரோப்பிலீன். வாஷருக்கும் டயாபிரத்துக்கும் வைட்டான் அல்லது ஈ.பி.டி.எம். சாதாரணக் கறுப்பு ரப்பர் பிசுபிசுத்துப் போகும். வால்வுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கை யாரும் பார்ப்பதில்லை. அது சாதாரண ஸ்டீலாக இருந்தால் முதலில் உடைவது அதுதான்.

சட்டத்துக்கு நம் கரையிலேயே ஒரு தீர்வு இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு இந்தக் கடற்கரை முழுவதும் பைபர் படகுகள் நிறைந்தன. அவற்றைப் பழுது பார்க்கிறவர்கள் மீனவ ஊர்களில் இருக்கிறார்கள். ஒரு மர அச்சு செய்து கொடுத்தால், கைப்பிடியோடு சேர்த்து ஒரே வார்ப்பாகத் தட்டு செய்து தருவார்கள். படகுக்குப் போடும் சாதாரண பாலியெஸ்டர் பிசினைக் குளோரின் மெல்ல அரிக்கும். உட்புறத்துக்கு வினைல் எஸ்டர் பிசின் கேளுங்கள். விலை கூடுதல், ஆனால் உள்பூச்சுக்கு மட்டும்தானே. தட்டின் விளிம்பு நான்கு விரல் உயரமாவது இருக்கட்டும். டிரம் கசிந்தால் தட்டுக்குள்ளேயே நிற்கும்.

அடுத்தது எனக்கு ஒரு தழும்பு விட்டுப்போன விஷயம். சோடியம் ஹைப்போகுளோரைட் சும்மா இருக்கும்போதும் மெல்லச் சிதைந்து ஆக்சிஜனை விடும். பந்து வால்வை மூடினால் பந்தின் துளைக்குள் கொஞ்சம் கரைசல் சிக்கிக்கொள்ளும். வெயிலில் அதற்குள் அழுத்தம் ஏறி ஒரு நாள் வால்வு வெடிக்கும். எனக்கு அது மதியச் சாப்பாட்டு நேரத்தில் நடந்தது. கண்ணாடி போட்டிருக்கவில்லை, கன்னத்தோடு போனது என் அதிர்ஷ்டம். பந்தில் தொட்டிப் பக்கம் பார்க்கும்படி சிறு துளை போட்ட வால்வுகள் இதற்கென்றே கிடைக்கின்றன. கேட்டு வாங்குங்கள். டிரம் மூடியிலும் காற்றுப் போகும் வழி இருக்க வேண்டும்.

நாசில்

பூச்சிமருந்து அடிக்கிறவர்கள் இலையின் அடிப்புறமும் நனைய வேண்டுமென்று மெல்லிய பனிபோல் அடிப்பார்கள். இங்கே அந்தப் பனி வேண்டாம். நூறு மைக்ரானுக்குக் குறைந்த துளி காற்றில் மிதக்கும், பக்கத்து வீட்டுக்குப் போகும், அடிக்கிறவர் மூச்சுக்குள்ளும் போகும். நமக்கு வேண்டியது கனத்த துளி, சுவரில் பட்டு ஒட்ட வேண்டும். அழுத்தம் குறைவு, துளை பெரிது, விசிறிபோல் தட்டையான வீச்சு.

மலேரியா ஒழிப்பில் வீட்டுச் சுவருக்கு மருந்து அடிக்க உலகம் முழுக்கப் பல பத்தாண்டுகளாகப் பயன்படுவது 8002 எண்ணுள்ள விசிறி நாசில். வீச்சின் கோணம் 80 பாகை, சுமார் 2.8 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 760 மில்லி. சுவரிலிருந்து 45 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் 75 சென்டிமீட்டர் அகலத்துக்கு விழும். புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை, இதையே வைத்துக்கொள்ளுங்கள். பித்தளையில் வேண்டாம், பாலிமர் அல்லது செராமிக் முனை. நம் வகுப்பறைக்கான 9 லிட்டரை ஒரு ஆள் 12 நிமிடத்தில் அடித்துவிடுவார். 20 கிலோ, 30 கிலோ பிரஷர் எல்லாம் கழுவும் பாகத்துக்கு மட்டும், அதிலும் சிமெண்டுத் தரைக்கு மட்டும். சாக்கடைச் சேற்றை அந்த வேகத்தில் அடித்தால் கிருமியை நீங்களே காற்றில் ஏற்றிவிடுவீர்கள்.

கரைசல்

காலரா வார்டுகளின் வழக்கமான அளவுகள் மூன்று: தரைக்கும் படுக்கைக்கும் 0.2 சதவீதம், வாந்தி மலத்தின் மேல் 2 சதவீதம், கை கழுவ 0.05 சதவீதம். புதிதாகப் பிரித்த பிளீச்சிங் பவுடரில் ஏறக்குறைய 30 சதவீதம் குளோரின் இருக்கும் என்று வைத்தால், 100 லிட்டர் 0.2 சதவீதக் கரைசலுக்கு 670 கிராம். 2 சதவீதத்துக்கு 6 கிலோ 700 கிராம். ஆனால் நம் ஊர் ஈரக்காற்றில் திறந்து வைத்த மூட்டை சில வாரங்களில் பாதிச் சத்தை இழந்துவிடும். வாசனை வருகிறதே என்று நம்பாதீர்கள்.

சோதிக்க ஒரு சுலப வழி. குடிநீர்த் தொட்டி ஆபரேட்டர்களிடம் குளோரின் பார்க்கும் சிறு பெட்டி இருக்கும். அது லிட்டருக்கு ஓரிரு மில்லிகிராம்தான் காட்டும். நம் கரைசலில் 2,000 மில்லிகிராம். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டர் எடுத்து, ஊசி போடும் சிரிஞ்சால் கரைசலில் அரை மில்லி விட்டுக் கலக்குங்கள். பெட்டி 1 என்று காட்டினால் கரைசல் சரி. அரை என்று காட்டினால் பவுடரை இரட்டிப்பாக்குங்கள். குழாய்த் தண்ணீரில் கலக்கிப் பார்க்காதீர்கள், அதிலும் குளோரின் இருக்கலாம்.

பவுடரைக் கலக்கியதும் டிரம்மில் ஊற்றாதீர்கள். வாளியில் தெளியவிட்டு மேல்தண்ணீரை மட்டும் வடித்து எடுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பு நாசிலை அடைக்கும். தெளிப்பதற்கு முன் தெளிய வேண்டும் என்று வேலையாட்களிடம் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் மறக்க மாட்டார்கள்.

கழிவறை கழுவும் ஆசிட் இந்த வண்டியில் ஏறவே கூடாது. அதுவும் நம் கரைசலும் கலந்தால் வருவது குளோரின் வாயு. சிறுநீர் தேங்கிய இடத்தில் அடித்தாலும் கண் எரியும் புகை வரும், முதலில் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். இன்னொரு குழப்பம் பெயரில். ஆஸ்பத்திரியில் ‘ஹைப்போ’ என்றால் சோடியம் ஹைப்போகுளோரைட், குளோரின் தருவது. பழைய ஸ்டூடியோக்காரர்களுக்கு ‘ஹைப்போ’ என்றால் சோடியம் தயோசல்பேட், குளோரினை முறிப்பது. இரண்டுமே இந்த வண்டிக்கு வேண்டும், ஒன்று அடிக்க, மற்றது கழிவை முறிக்க. டப்பாவில் முழுப் பெயரை எழுதி ஒட்டுங்கள்.

ஆள்

காரைக்கால் புழுக்கத்தில் உடல் முழுதும் மூடிய உடையில் அரை மணிக்கு மேல் யாரையும் நிறுத்தாதீர்கள். எனவே ஒரு தெளிப்புக் கோலுக்கு இரண்டு பேர், மாறி மாறி. குளோரின் நெடிக்குத் துணி முகமூடியும் என்-95-ம் உதவாது. அமில வாயுவுக்கான கார்ட்ரிட்ஜ் மாட்டிய அரைமுக மாஸ்க் வேண்டும், பக்கமும் மூடிய கண்ணாடி, முழங்கை வரை கையுறை, கம்பூட்ஸ். பேன்ட் பூட்ஸுக்கு வெளியே தொங்கட்டும். உள்ளே செருகினால் வழிகிற தண்ணீர் காலில் நிறையும்.

வண்டியிலிருந்து முதலில் இறங்க வேண்டிய பாகம் கழுவிடம். மடக்கும் பி.வி.சி. சட்டம், தார்ப்பாய்த் தொட்டி, மேலே ஷவர் தலை, பக்கத்தில் கண் கழுவும் குழாய். 500 லிட்டரில் 100 லிட்டர் இதற்கென்று கடைசி வரை தொடாமல் இருக்க வேண்டும். இரண்டாவது தொட்டியின் அடிக்குழாயைச் சற்று உயர்த்தி வைத்தால், கழுவும் பம்பு அந்த 100 லிட்டரை எடுக்கவே முடியாது. ஷவருக்கு மட்டும் அடியிலிருந்து தனிக்குழாய். மேற்பார்வையாளர் சொல்லிக் காப்பாற்றுவதைவிடக் குழாயே காப்பாற்றட்டும். கண்ணில் மருந்து பட்டால் பதினைந்து நிமிடம் தொடர்ந்து கழுவ வேண்டும், வலி நின்றதும் நிறுத்திவிடுவார்கள், விடாதீர்கள்.

கழிவு

ஃபுகுஷிமாவில் 2011 அணு உலை விபத்துக்குப் பிறகு கூரைகளையும் சாலைகளையும் அதிவேகத் தண்ணீரால் கழுவினார்கள். கதிரியக்கம் கூரையை விட்டு இறங்கிச் சாக்கடைக்குப் போனது. அழியவில்லை, இடம் மாறியது. கழுவிய தண்ணீரைப் பிடித்து வைக்க வேண்டும் என்று பிறகு விதிகள் வந்தன. நம் ஊரில் வாய்க்காலும் அரசலாறும் சில நூறு மீட்டருக்குள், அதன் முடிவில் கடல். வகுப்பறையிலிருந்து வரும் 240 லிட்டரை வாசலில் விட்டால் அது யாருடைய கிணற்றடியிலோ நிற்கும்.

வாசற்படிக்குக் குறுக்கே மணல் நிரப்பிய நீளப் பையைப் போடுங்கள். பழைய லாரி ட்யூபைத் தண்ணீர் நிரப்பி மடித்துப் போட்டாலும் நிற்கும். தேங்கியதை ரப்பர் தள்ளியால் ஒரு மூலைக்குத் தள்ளி, ஈரம் உறிஞ்சும் வேக்குவத்தாலோ மோட்டாராலோ எடுத்து, காலியான முதல் 250 லிட்டர் தொட்டிக்கே அனுப்பலாம் என்று தோன்றும். அனுப்பாதீர்கள், அது மீண்டும் நல்ல தண்ணீர் பிடிக்கிற தொட்டி. மடக்கி வைக்கும் தார்ப்பாய்ப் பை ஒன்று கழிவுக்கென்றே இருக்கட்டும். சாக்கடைச் சேறானால் செப்டிக் டேங்க் லாரிக்கு. குளோரின் மட்டும் மிஞ்சிய தண்ணீரானால் தயோசல்பேட் போட்டு, சோதனைப் பெட்டி ஒன்றும் காட்டாத பிறகு விடலாம். எண்ணெயும் ரசாயனமும் ஆனால் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சொல்லாமல் எங்கும் ஊற்றாதீர்கள், பையைக் கட்டி வையுங்கள்.

வேலை முடிந்த பிறகு

மருந்துப் பம்பில் கால் மணி நேரம் நல்ல தண்ணீரை ஓட்டுங்கள். நாசிலைக் கழற்றி வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்தால் சுண்ணாம்பு விடும். ஆனால் குளோரின் முழுக்கப் போன பிறகுதான், அமிலம் எதுவானாலும் குளோரினோடு சேரக் கூடாது. பெட்ரோல் டேங்கைக் காலி செய்து வையுங்கள். பேட்டரியை மாதம் ஒரு முறை சார்ஜில் போடும் வேலையை ஒருவர் பெயரில் எழுதி வையுங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும். செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியைத் தெருமுனையில் நிறுத்தி, வெறும் தண்ணீரில், கடிகாரம் வைத்து ஒத்திகை பாருங்கள். கழுவிடம் முதலில், கழிவுத் தடுப்பு இரண்டாவது, தண்ணீர்ப் பாகம் மூன்றாவது, மருந்துப் பாகம் கடைசி. இந்த வரிசையில் நான்கு பேர் இருபது நிமிடத்துக்குள் மாட்டி முடிக்க வேண்டும். எங்கள் ஆட்களுக்கு முதல் தடவை ஐம்பத்தைந்து நிமிடம் ஆனது, அதில் பாதி நேரம் கேம்லாக் வாஷரைத் தேடியதில் போனது. இப்போது ஒவ்வொரு பெட்டியின் மூடியிலும் இரண்டு உபரி வாஷர்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம்.